தூரிகைக்கு எண்ணெய்க் குளியல்

ஆயில் பெயின்டிங் பழகுகிறவனுக்கு முதல் எதிரி யார்? விமர்சகர் என்று நினைத்தால் தப்பு ஸார். டர்பன்டைன்!

சிங்கப்பெருமாள் கோயிலில் எங்களுடையது ஒன்றரை அறை வீடு. அம்மாவுக்கு வீஸிங். பாட்டில் வாங்கி வந்து மூடியைத் திறந்த அன்றே சமையலறையில் இருமல் ஆரம்பித்துவிட்டது. மூன்று கண் நரசிம்மர் இருக்கிற ஊரில் என் இரண்டு கண்ணும் எரிந்தன.

"ஒண்ணு நீ படம் வரை, இல்லே நான் மூச்சு விடறேன். ரெண்டும் சேர்ந்து நடக்காதுடா" என்றாள் அம்மா.

ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிடித்த பித்து. அதை விட மனசில்லை. அம்மாவையும் விட முடியாது.

நல்ல வேளை, டர்பன்டைன் இல்லாமலே வரையலாம். எண்ணெய்ச் சாயம் ஈரத்துணி மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. டர்பன்டைன் சாயத்தை நீர்க்க வைத்துவிட்டு, நம் மூக்கு வழியாகப் போய்ச் சேருகிறது. அவ்வளவுதான் அதன் உத்தியோகம்! முதல் பூச்சை ட்யூபிலிருந்து வந்தபடியே மெல்லிசாகத் தேய்த்து விடுகிறேன். மேல் பூச்சுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. அடியில் எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால் படம் வெடிக்கும். காய நாள்கணக்கில் ஆகும், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

'வாசனையில்லாத தின்னர் இருக்கே' என்பார்கள். மூக்குக்குத் தெரியாமல் உள்ளே போகும், வேறென்ன?

தூரிகைக்கு நம் தீபாவளி முறைதான். முதலில் பழைய வேட்டித் துணியில் சாயத்தை வழித்துத் துடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஓட்டைத் தட்டு ஒன்றில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, அதில் பிரட்டித் துடைக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்க்காதீர்கள். சில வண்ணங்களில் காட்மியம், ஈயம் எல்லாம் உண்டு. கடைசியில் துணி சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும், நுரை வெள்ளையாக வரும்வரை. பி.காம். புத்தி சோப்பில் மிச்சம் பிடிக்கச் சொல்லும்; கேட்காதீர்கள். தேங்காய் எண்ணெய் காயாத ஜாதி. தூரிகையில் கொஞ்சம் தங்கினாலும் அடுத்த படம் மாசக்கணக்கில் பிசுபிசுக்கும்.

துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். நான் கொடியில் விரித்துப் போடுகிறேன். பக்கத்து வீட்டு மாமா அதற்கெதிரே கைகட்டி ரெண்டு நிமிஷம் நின்று, "மாடர்ன் ஆர்ட்டா?" என்றார்.

என் படத்துக்கு முன்னால் அவர் அவ்வளவு நேரம் நின்றதே இல்லை.