பிளஸ் ஒன் சேர்க்கையும் பெற்றோரின் பின்னணியும்

தமிழ்நாட்டில் ஒரு மாணவரின் எதிர்காலத் தொழில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான சில வாரங்களுக்குள், பிளஸ் ஒன்னில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்னும் முடிவோடு பாதி தீர்மானமாகிவிடுகிறது. கணிதமும் அறிவியலும் அடங்கிய, பேச்சுவழக்கில் ‘பர்ஸ்ட் குரூப்’ எனப்படும் பிரிவா, வணிகவியலா என்பது மதிப்பெண்ணால் மட்டும் அமைவதன்று. கணிதத்தை விட்டால் பொறியியலுக்கான வழி பெரும்பாலும் அடைபடும் என்பதைப் பட்டம் பெற்ற பெற்றோர் முன்பே அறிந்திருக்க, கட்டட வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் அன்றுதான் பிரிவுகளின் பெயரையே கேள்விப்படுகின்றனர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ ‘பண்பாட்டு மூலதனம்’ என்று குறித்தது, அதாவது பணமாக அன்றிப் பேச்சாகவும் பழக்கமாகவும் கல்வியறிவாகவும் குடும்பம் பிள்ளைக்குக் கைமாற்றும் சொத்து, இந்தச் சேர்க்கை நாளில் கண்கூடாகத் தெரிகிறது.

அரசு இதை அறியாமல் இல்லை. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாத மாணவருக்கு வருவாய்த்துறை வழங்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழால் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை கிடைக்கிறது; அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மாணவர்க்குத் திறன் பயிற்சியும் உயர்கல்வி, வேலை வழிகாட்டலும் அளிக்கும் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. ஆயினும் முதற்சொன்ன சலுகை வீட்டில் ஒருவருக்கே என்பதால், அக்காள் பொறியியல் முடித்ததும், தந்தையின் கூலியில் மாற்றமில்லாத நிலையிலேயே, தம்பி காகிதத்தில் படித்த குடும்பத்தவனாகிவிடுகிறான். பெண் பிள்ளைகள் வகையிலோ, பெற்றோரின் படிப்பையும் தொழிலையும்விட, கல்லூரியிலிருந்து ஊர் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரமே பல சிற்றூர்களில் பெரிய காரணமாக நிற்பது தனியே ஆராயத்தக்கது.