பள்ளிக்கு வராத பிள்ளையும் நானும்

அதிகாலை மக்தபில் என்னிடம் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். ஓதலில் அவனுக்கு நிகரில்லை, ஒருநாளும் தவறமாட்டான். மக்தப் கலைந்ததும் பள்ளிக்கூடம் செல்லாமல் வாப்பாவின் தேநீர்க் கடையில் குவளை கழுவுகிறான் என்பதை அறிந்தே இருந்தேன். மக்தபுக்கு வருகிறானே என்ற நிறைவில் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் பள்ளித் தலைமையாசிரியை வந்தார். "ஹஜ்ரத், உங்களிடம் தவறாமல் வருபவன் எங்களிடம் ஏன் வருவதில்லை?" என்றார். தலைகுனிந்தேன்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தவறும் பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை. குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதையும் பள்ளி நேரம் போகவே அனுமதிக்கிறது 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம். இங்கிலாந்தில் பெற்றோருக்கு 80 பவுண்டு அபராதம். 21 நாள்களுக்குள் செலுத்தாவிடில் 160. இங்கும் அவ்வாறு வேண்டும் என்போர் உளர். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாதவரிடம் அபராதம் வாங்கினால், அதையும் அப்பிள்ளையே கழுவித் தீர்க்க நேரும் என அஞ்சுகிறேன். ஆனால், கடமை என எழுதிவைத்து எவருமே கேளாதிருந்தால் அது யாருக்கான கடமை?

அஸருக்குப் பின் கடைக்குச் சென்றேன். "பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம், பாய்" எனத் தொடங்கினேன்.

"இத்தனை மாதம் தாங்கள் ஏன் சொல்லவில்லை, ஹஜ்ரத்?" என்றார் அவர்.

மறுமையில் வாப்பாவிடம் மட்டுமா இது கேட்கப்படும்? மறுவாரம் சிறுவன் பள்ளிக்குச் சென்றான். மக்தப் பதிவேட்டில் இப்போது பள்ளி வருகைக்கும் ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன். நேற்று அதில் மூன்று பெயர்களுக்கு எதிரே வெற்றிடம். இன்று மஃரிபுக்குப் பின் அந்த வீடுகளுக்குச் செல்லவேண்டும்.