ஒரு ஊசியும் ஒரு கண்ணும்



யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என ஊர்கள் வரிசையாக வரும். காங்கேசன்துறையில் கடலைக் கண்டு, கிழக்கே திரும்பித் தையிட்டியைத் தாண்டினால் மயிலிட்டி. 1990இல் இடம்பெயர்ந்த இந்த ஊரவர்களுக்குத் துறைமுகமும் அதை அண்டிய காணிகளும் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தன. முகாமில் பிறந்த பிள்ளை, தானே தாயாகிவிடும் அளவு நீண்ட காலம் அது.

மீள்குடியேறிய பெண்களைச் சந்திக்க அந்தப் பாதையால் நான் போவதுண்டு. ஸ்கூட்டியில் தொங்கும் பையில் பருத்தி நூலும் குறோசே ஊசிகளும் இருக்கும். பூச்சுப் பூசாத ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து எல்லோரும் இருப்போம்.

முதல்நாள் ஒரு அக்கா ஊசியைத் தொடவேயில்லை. “உது படிச்ச பிள்ளையளின்ரை வேலை. என்ரை கை வலை பொத்தின கை” என்றார்.

அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. நான் வந்த வழியில், மருதனார்மடத்துக்கு அருகே உடுவில் மகளிர் கல்லூரி இருக்கிறது. 1824இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய அந்தப் பாடசாலையில் எழுத்தோடு தையலும் கற்பித்தார்கள். அன்றிலிருந்து ஊசிவேலை என்றால் பாடசாலைக்குப் போன பெண்களின் வேலை என்ற எண்ணம் எங்களிடம் ஊறிவிட்டது. ஆனால் வலை பொத்துபவருக்குக் கண்களின் கணக்குத் தெரியும். பனையோலையில் பெட்டி இழைப்பவருக்குக் கோலம் தெரியும். அந்தக் கைகளுக்குக் குறோசே புதிதல்ல, ஊசி மட்டுமே புதிது. இதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டு ஊசியைக் கையில் எடுத்தார்.

ஆறாவது வரிசையில் அவருக்குக் கணக்குப் பிழைத்துவிட்டது. முகம் வாடிப்போனது. பிழை விட்ட இடம்வரை நூலை இழுத்து அவிழ்க்கச் சொன்னேன். சரசரவென்று அவிழ்ந்து வந்தது. “நூல் ஒண்டும் வீணாகேல்லையே!” என்று வியந்தார். வீடு, தோட்டம், வள்ளம் எல்லாம் போனால் போனதுதான் என்று கண்டவர் அவர். பிழைத்ததைத் திருப்பிச் செய்யலாம் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

இரண்டு ஊசியால் பின்னும்போது வரிசை முழுவதும் கண்கள் ஊசியிலே நிற்கும். ஒன்று நழுவினால் கீழே கீழே அவிழும். குறோசேயில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் ஊசியில் நிற்கும். உலை கொதித்தாலோ, பிள்ளை அழுதாலோ அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். ஆகவேதான் எங்களைப் போன்றவர்களுக்கு இது உகந்தது. அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் பெண்களின் இந்தக் குறோசேதான்.

சில மாதங்களில் அக்கா புத்தகத்தைப் பார்க்காமல் தானே ஒரு மேசைவிரிப்புப் பின்னினார். ஓரமெல்லாம் வலைக்கண், நடுவில் மீன்கள். அதை ஒருவர் விலைக்குக் கேட்டபோது, “நீங்களே பாத்துத் தாங்கோ” என்று சொல்லிவிட்டார். கிடைத்தது நூலின் காசுதான். பிழை என்னுடையது. “வீட்டில சும்மா இருக்கிற நேரத்தில பின்னுங்கோ” என்று சொல்லிக் கொடுத்தவள் நானல்லவா?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மரியா மீஸ் என்ற ஜேர்மன் அறிஞரின் நூலைப் பற்றி அறிந்திருந்தேன். ஆந்திராவின் நரசாபூரில் குறோசே பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் வெளிவந்தது அது. நாள் முழுவதும் உழைத்த அந்தப் பெண்களை ‘வீட்டில் இருப்பவர்கள்’ என்றே எல்லோரும் கருதினார்கள். அதனால் கூலி குறைந்தது, இலாபம் வியாபாரிகளுக்குப் போனது. படித்திருந்தும் நான் அதே தவறைச் செய்தேன்.

அதன்பின் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்துக்கொண்டோம். நூலின் விலை, பின்னிய மணித்தியாலங்கள் இரண்டையும் அன்றன்றே எழுதினோம். அடுத்த விரிப்புக்கு அக்கா தானே விலை சொன்னார். வந்தவர் பாதி விலைக்குக் கேட்டார். அக்கா கொப்பியை விரித்துக் காட்டினார். அவர் வாங்காமலே போய்விட்டார்.

விறாந்தையில் ஒரே அமைதி. அக்கா விரிப்பை மடித்துப் பையில் வைத்தபடி சொன்னார்: “விக்காட்டிலும் பரவாயில்லைப் பிள்ளை. இதின்ரை விலை இப்ப எனக்குத் தெரியும்.”

குறோசே ஒன்றே ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன். போனவர்களை அது திருப்பித் தராது. ஆனால் சகோதரிகளே, ஒரு ஊசி, ஒரு நூல்கட்டை, ஒரு கொப்பி மூன்றையும் எடுத்து வையுங்கள். சங்கிலிப் பின்னலில் தொடங்குங்கள். பிழைத்தால் அவிழுங்கள். உங்கள் நேரத்தை மட்டும் எழுத மறவாதீர்கள்.