பாட்டியிடம் பேசிய கோச்

எங்கள் திருவெறும்பூரில் மலை மேல் இருக்கும் சாமிக்கு எறும்பீஸ்வரர் என்று பெயர். தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பாக உருமாறி வந்து கும்பிட்டார்களாம். ஏற முடியாமல் வழுக்கியதாம். சாமியே புற்றாகி, தலையையும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாராம். எறும்பு ஊர்ந்த ஊரில் ஓட்டக்காரி பிறப்பாளா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி பிறந்தாள். என் அக்கா.

1986-ல் அக்கா காலேஜில் இரண்டாம் வருஷம். நூறு மீட்டர், இருநூறு மீட்டர் இரண்டிலும் அவள்தான் முதல். அவள் ஜெயித்து வந்த கப் ஒன்றில் அம்மா கடுகு போட்டு வைத்திருந்தாள்.

சியோல் ஆசிய விளையாட்டில் பி.டி.உஷா நாலு தங்கம் வாங்கி, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பி.டி. மேடம் டவுனிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஹாஸ்டல்ல விட்டீங்கன்னா காலையும் சாயந்திரமும் பிராக்டிஸ் கொடுக்கலாம் சார். நல்லா வருவா. உஷாவுக்கு ஒரு நம்பியார் கிடைச்ச மாதிரி..."

"யாரு, எம்.ஜி.ஆர். படத்துல வருவாரே, அவரா?"

அப்பா கிண்டல் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த நம்பியார் அவர் ஒருவர்தான். இவர் ஓ.எம்.நம்பியார், விமானப் படையில் இருந்தவர், உஷாவைச் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து பழக்கியவர், 1985-ல் துரோணாச்சார்யா விருது ஏற்படுத்தியபோது முதல் வருஷமே வாங்கியவர் என்று மேடம் பொறுமையாக விளக்கினார். அப்பாவும் பொறுமையாகக் கேட்டார். காபி வந்தது.

"எல்லாம் சரிதான் டீச்சரம்மா. பொம்பளைப் பிள்ளை. நாளைக்குக் கால்ல ஒண்ணு ஆச்சுன்னா யாரு கட்டிக்குவா?"

மேடம் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார். அக்காவின் ஓட்டமும் அந்த வருஷத்தோடு நின்றது.

2021 ஜூலை 30. கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டம். அக்காவும் நானும் டி.வி. முன்னால். இந்தியாவுக்காக ஓடிய நாலு பேரில் மூன்று பேர் தமிழ்நாடு. மதுரை ரேவதி, நம்ம திருச்சி சுபா, லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். 3 நிமிடம் 19.93 விநாடி. அந்தச் சுற்றில் கடைசி இடம். 'கடைசிதானே' என்று சொல்ல வாயைத் திறந்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அந்த ரேவதி வீரமணியின் கதை அப்போது எல்லாப் பேப்பரிலும் வந்தது. மதுரைப் பக்கம் சக்கிமங்கலம். சின்ன வயசிலேயே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது பாட்டி ஆரம்மாள். வயல் வேலை, செங்கல் சூளை வேலை. 'பொட்டைப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் எதற்குப் படிக்க வைக்கிறாய்' என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதும், பாட்டி பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார்.

பள்ளிப் போட்டி ஒன்றில் செருப்பில்லாமல் ஓடிய ரேவதியை, மதுரையில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோச்சாக இருந்த கண்ணன் பார்த்தார். கோச் என்றால் நமக்கு விசிலும் ஸ்டாப்வாட்சும்தான் ஞாபகம் வருகின்றன. ஸ்டாப்வாட்சை அமுக்க ஒரு கட்டைவிரல் போதும். பாட்டியிடம் பேச அது போதாதே! தினம் ஸ்டேடியத்துக்கு வந்து போகப் பஸ் காசு கிடையாது, பேத்தியை வெளியே விடப் பாட்டிக்கு மனசும் இல்லை. கண்ணன் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் ஏற்பாடு செய்தார். காலுக்கு ஷூ வந்ததும் அவரால்தான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது அடுத்து அவர் செய்ததுதான். நூறும் இருநூறும் ஓட அவர் தயார் செய்த பெண் 2019-ல் பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போனாள். அங்கே இருந்த கோச் கலினா புகாரினா, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ் தொடர் ஓட்டத்தில் சோவியத் அணிக்காக வெண்கலம் வாங்கியவர். அந்தம்மா, 'நானூறு ஓடு' என்றார். வருஷக்கணக்கில் பாடுபட்டுத் தயார் செய்தவருக்குச் சுருக்கென்றிருக்காதா? ஆனால் கண்ணனும் 'சரி, ஓடு' என்றார். அந்த நானூறை 53.55 விநாடியில் ஓடித்தான் ரேவதி டோக்கியோவுக்கான அணியில் இடம் பிடித்தாள்.

இதையெல்லாம் பேப்பரை வைத்துக்கொண்டு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டி உடனே சரின்னுட்டாங்களா?"

"எங்கக்கா? முதல்ல முடியாதுன்னுதான் சொன்னாங்களாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஒரு பிடி கீரை முடிந்தது.

"எங்க மேடம் ஒரு தடவைதான் வந்தாங்க" என்றாள் அக்கா.