77 கிராம் காரம்

சோப்பு செய்வதைப் பார்க்க வந்தவனுக்கு அக்கா முதலில் காபி கொடுப்பார் என்று நினைத்தேன். கையில் கொடுத்தது கண்களை முழுக்க மூடும் ஒரு கண்ணாடியும், முழங்கை வரை ஏறும் ரப்பர் கையுறையும்.

"போட்டுக்கிட்டு உள்ள வாங்க தம்பி. காபி எல்லாம் ஊத்தி முடிச்சப்புறம்தான். இந்த வேலை நடக்கும்போது சமையக்கட்டுல யாரும் வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது."

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. ஆர்ச் கேட்டில் நுழைந்துவிட்டால் எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருக்கிறது, எல்லா குவார்ட்டர்ஸும் ஒன்றுபோல இருக்கிறது. வட்டத்தின் எண்ணைச் சொல்லிவிட்டு, "வாசல்ல பலா மரம் இருக்கும்" என்று போனில் அடையாளம் சொல்லியிருந்தார். பலா மரம் இல்லாத வாசல் என்று சொல்லியிருந்தால் சீக்கிரம் வந்திருப்பேன்.

அக்காவின் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் உருளைகளோடு மல்லுக்கட்டுகிறவர். நெய்வேலியில் 1956-இல் சுரங்க நிறுவனம் தொடங்கி, மேல் மண்ணைத் தோண்டித் தோண்டி, 1961-இல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்த ஊர் ஆண்களின் உள்ளங்கை ரேகையில் அது இருக்கிறது. வெறும் கரித்தூள் என்றால் தண்ணீருக்கே போய்விடும். கிரீஸோடு கலந்தால் போகாது. கிரீஸுக்கு மண்ணெண்ணெயில் கை கழுவுவார்கள், மரத்தூளைப் போட்டுத் தேய்ப்பார்கள். அப்புறம் கை காய்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள் மறுபடியும் கரி.

"சோத்துல கை வைக்கும்போது நகக்கண்ணு கறுப்பா இருக்கும். பாத்துப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுக்காக ஆரம்பிச்சதுதான் இந்தக் காபிச் சக்கை சோப்பு. மூஞ்சி மினுக்க இல்ல."

டிகாஷன் இறக்கிய பிறகு ஃபில்டரில் தங்கும் சக்கையை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, சலித்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தார். ஈரத்தோடு எதைப் போட்டாலும் சோப்பு கெடும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. பச்சைக் கறிவேப்பிலையை அரைத்துப் போட்ட ஒரு தொகுதி, மூன்றாம் வாரம் பழுப்பேறி நாற்றமடித்ததாம்.

நெய்வேலிக்காரரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். அந்தக் காலத்தில் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்துத்தானே காரம் எடுத்தார்கள், இந்த ஊரில் இல்லாத சாம்பலா? அக்கா சிரித்துவிட்டார். அது விறகுச் சாம்பல். மரத்தில் பொட்டாசியம் உண்டு, எரிந்தபின் அது காரமாகச் சாம்பலில் நிற்கும். அனல்மின் நிலையச் சாம்பல் பெரும்பாலும் மண்ணின் மிச்சம். சிலிக்கா, அலுமினா, சுண்ணாம்பு என்று இருக்கும். அதை வடித்து எண்ணெயில் ஊற்றினால் சேறுதான் மிஞ்சும். ஒரு காலத்தில் இந்த வீடுகளில் லெக்கோ என்ற பழுப்பு நிலக்கரிக் கட்டி அடுப்பில் எரிந்தபோது அந்தச் சாம்பலில் பாத்திரம் துலக்கியிருக்கிறார்கள். அது உரசித் துலக்கியது, அவ்வளவுதான்.

தமிழில் காரம் என்றால் மிளகாயும் உண்டு, உவர்மண்ணும் உண்டு. வெளுப்பவர்கள் துணிக்குப் போட்ட உவர்மண்ணில் இருந்தது சோடியக் காரம். அக்காவின் டப்பாவில் இருந்தது அதைவிடப் பல மடங்கு கொடியது. காஸ்டிக் சோடா, வெள்ளைச் செதில்கள், பார்க்க ஜவ்வரிசி வடாம் நொறுங்கியதுபோல. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், டப்பா மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். சமையலறைப் பொருள்களால் செய்யும் சோப்பு என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சோப்பில் சமையலறையைச் சேராத ஒரே பொருள் இதுதான். இது இல்லாமல் சோப்பு கிடையாது. பயறும் கசகசாவும் மஞ்சளும் இல்லாவிட்டாலும் சோப்பு சோப்புதான்.

அன்றைய அளவு: தேங்காய் எண்ணெய் 300 கிராம், கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. எல்லாம் எடை, மில்லி கணக்கு இல்லை. இதற்குக் காஸ்டிக் 77 கிராம், தண்ணீர் 170 கிராம். ஏன் 77 என்று கேட்டதும் ஒரு பழைய ரஃப் நோட்டை எடுத்தார். ஒவ்வோர் எண்ணெயும் தின்கிற காரம் ஒவ்வோர் அளவு. அரை கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக ஏறக்குறைய 91 கிராம் வேண்டும். அதே அரை கிலோ நல்லெண்ணெய்க்கு 67 போதும். தேங்காய் எண்ணெய்க் கணக்கை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயை ஊற்றினால், கேட்பாரில்லாத 24 கிராம் காஸ்டிக் அந்தக் கட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், குளிக்க வருகிறவருக்காக. ஆகவே மூன்று எண்ணெய்க்கும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டி, வந்த தொகையில் நூற்றுக்கு ஐந்தைக் குறைத்துக்கொள்கிறார். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சினால் தோலுக்கு நல்லது, காரம் மிஞ்சினால் கெட்டது.

தராசு 76 காட்டியது. ஒரே ஒரு செதிலை ஸ்பூன் நுனியில் எடுத்துப் போட்டார். 76-லேயே நின்றது. இன்னொன்று. 77. பெருமூச்சு விட்டு டப்பாவை மூடினார். தங்கம் நிறுப்பவர் முகத்தில்கூட இந்தக் கவனத்தை நான் பார்த்ததில்லை.

"தண்ணில காஸ்டிக்கைப் போடணும். காஸ்டிக் மேல தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்தினா பொங்கி மூஞ்சில அடிக்கும்." கொல்லைப்புறம் காற்றோட்டமான இடத்தில், சோப்புக்கென்றே ஒதுக்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறினார். அடுப்பே இல்லை. ஆனால் பாத்திரத்தில் ஆவி எழுந்தது, வெளியே வைத்த கை சுட்டது. எவர்சில்வர் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் நான் இதே வேலையை அலுமினியக் குண்டானில் செய்து பார்த்தவன். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்று பள்ளியில் படித்திருந்தேன். படித்தது ஞாபகம் வந்தபோது குண்டான் கறுத்து நுரைத்து, அடியில் பொத்தல் விழுந்திருந்தது. அம்மாவின் குண்டான்.

காரத் தண்ணீரும் எண்ணெயும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒன்றாக ஊற்றி மத்தால் கடைந்தார். பிறகு கை பிளெண்டர். மஞ்சளாகத் தெளிந்திருந்த எண்ணெய் கலங்கி, வெளுத்து, மோர்க்குழம்பு மாதிரி ஆயிற்று. கரண்டியைத் தூக்கி மேலே ஒரு கோடு இழுத்தார். கோடு மூழ்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் கடைந்தார். மறுபடி கோடு. இம்முறை அது மேலேயே நின்றது. அதிரசப் பாகுக்குப் பதம் பார்த்துப் பழகியவருக்கு இந்தப் பதம் தெரிய எத்தனை நாள் ஆகியிருக்கும்? "மூணு தடவை திரிஞ்சி போச்சு, நாலாவது தடவை கை புரிஞ்சுக்கிச்சு" என்றார்.

மஞ்சளைச் சேர்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரை ஸ்பூன் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து விட்டார். விழுந்த இடம் செங்கல் நிறத்தில் சிவந்து, ரத்தம்போலச் சுழித்துக்கொண்டு பரவியது.

"என்னங்கக்கா ஆச்சு?"

"குங்குமம் எப்படிச் செய்றாங்க? மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்துத்தானே? அதேதான் இது. காயக் காய இந்தச் சிவப்பு இறங்கி, ஒரு மாதிரி பழம் நெறத்துக்கு வந்துடும்."

இனி உரசும் பொருள். இங்கேதான் அக்காவுக்கும் அவரோடு வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தீராத வழக்கு. அந்தப் பெண் கல்லூரி முடித்தவள். எல்லாவற்றையும் போட வேண்டும் என்பாள்: கசகசா, ரவை, பச்சரிசி மாவு, நாட்டுச் சர்க்கரை, கல் உப்பு. அக்கா ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு வைத்திருக்கிறார். சர்க்கரை கரைந்துவிடும், உரசாது, சூட்டைத்தான் கூட்டும். கல் உப்பு கீறும், அது போதாதென்று நுரையையும் அமுக்கும். ரவை ஊறி மெத்தென்று ஆகிவிடும். பச்சைப்பயறு மாவு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நலங்கு மாவில் அது செய்கிற வேலையில் கால்வாசியைக்கூடச் சோப்புக்குள் செய்யாது. கசகசா உருண்டை, முனை கிடையாது, உடம்புக்கு ஆகும். காபிச் சக்கைக்கு முனை உண்டு, கைக்கும் குதிகாலுக்கும் மட்டும்.

"அப்ப மூஞ்சிக்கு?" என்று கேட்டேன்.

"மூஞ்சிக்கு எதுவுமே வேணாம். அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

நான் அக்கா கட்சி. மேல்தோலின் செத்த செல்கள் தாமாகவே உதிர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுத் தோல் மேலே வந்துவிடுகிறது. தினமும் தேய்த்துக் கழற்ற அது பெயின்ட் அல்ல. பெரிய கம்பெனிகள் முகம் தேய்க்கும் களிம்புகளில் பிளாஸ்டிக் மணிகளைப் போட்டு விற்று, அவை சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்ததால் அமெரிக்கா 2015-இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அதற்குக் கசகசா எவ்வளவோ மேல். ஆனாலும் வாரம் ஒரு முறை, இரண்டு முறை. அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் ஜெயித்திருக்கிறாள். கொல்லைப் பந்தலில் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் தோலை உரித்து, விதையை உதிர்த்து, அந்தக் கூட்டை அப்படியே ஒரு பிவிசி குழாய்த் துண்டுக்குள் செருகி, மேலிருந்து சோப்புக் குழம்பை ஊற்றினாள். முந்தின வாரம் ஊற்றியது இறுகியிருந்தது. தள்ளி வெளியே எடுத்து வட்டமாக அரிந்தாள். ஒவ்வொரு வில்லையிலும் நார் வலை, நடுவே மூன்று கண்கள். தேய்க்கும் நாரும் சோப்பும் ஒரே வில்லை. சோப்பு கரையக் கரைய நார் வெளியே வரும், கடைசியில் நார் மட்டும் நிற்கும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடையில் கிடைக்கும் சோப்புப் பாளத்தை உருக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து அச்சில் ஊற்றுவதையும் கைச்சோப்பு என்றுதான் விற்கிறார்கள். தப்பில்லை, காஸ்டிக் பயமும் இல்லை. ஆனால் அது மாவைக் கடையில் வாங்கி இட்லி ஊற்றுவதுபோல. உளுந்து எப்படி என்று அப்படி ஊற்றுகிறவரிடம் கேட்க முடியாது.

ஊற்றிய பெட்டியைப் பழைய துண்டால் சுற்றி வைத்தாயிற்று. மறுநாள் வெட்டலாம், வெட்டியதும் குளிக்க முடியாது. நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றில் ஆற வேண்டும். அறைச் சுவரோரம் மரச்சட்டத்தில் வரிசையாக, ஒன்றையொன்று தொடாமல் நின்ற கட்டிகள் எல்லாம் அப்படிக் காத்திருப்பவை. ஒவ்வொரு வரிசையிலும் தேதி எழுதிய சீட்டு. மழைக்காலத்தில் இவை வியர்க்கும். ஆலைகளில் தனியே பிரித்து எடுத்துவிடும் கிளிசரின் இதில் அப்படியே தங்குவதால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்தால் சட்டத்துக்கு நேரே ஃபேன் ஓடும், கரண்ட் ஊரில் இருக்கிறோம் என்ற தைரியம்.

காபி வந்தது. விற்பனை எப்படி என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரிஞ்சவங்க எண்ணெய்க் காசு கொடுப்பாங்க" என்றார் அக்கா. அதற்குமேல் போக லைசென்ஸ் வேண்டும். முன்பு சட்டத்தில் அழகுசாதனம் என்பதன் விளக்கத்திலேயே சோப்பு சேராது என்று இருந்தது. 1982 திருத்தத்தில் அந்த விலக்கு போயிற்று. இப்போது 2020-இல் வந்த அழகுசாதன விதிகளின்படிதான் உரிமம். அதற்குத் தனி இடம் காட்ட வேண்டும், ஆள் காட்ட வேண்டும், பரிசோதனை காட்ட வேண்டும். சின்னவர்களுக்கு இது பெரிய மலைதான். ஆனால் 24 கிராம் காஸ்டிக் கணக்கைக் கேட்டபிறகு, அந்த மலை அங்கே இருக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படியை வேண்டுமானால் தாழ்த்திக் கட்டலாம்.

"அவருக்கு ரிட்டையர்மென்ட் வருது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். இந்திரா நகர் பக்கம் ஒரு இடம் பாத்திருக்கோம். பின்னால ஒரு ஷெட் போட்டா கேட்டுப் பாக்கலாம்" என்றவர், மரச்சட்டத்தைக் காட்டி, "இதெல்லாம் காயறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லாம இருந்தா சரி" என்றார்.

கிளம்பும்போது காபிச் சக்கைக் கட்டி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வெட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நிறுத்தேன், 118 கிராம். இன்று 107. சீட்டில் எழுதியிருக்கும் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

நீங்களும் செய்து பார்ப்பதென்றால், கசகசா வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் கிராம் காட்டும் ஒரு தராசு வாங்குங்கள்.