நாப்பத்திரெண்டு பேர்... பதினாறு ரூம்... ஒரே ரேட்!

அஞ்சாவது செமஸ்டர் வந்தாச்சா? அப்போ உங்க கிளாஸ்லயும் இந்நேரம் 'ஐ.வி.' பேச்சு ஆரம்பிச்சிருக்கும். லெட்டர்ல 'இன்டஸ்ட்ரியல் விசிட்'னு டைப் பண்ணுவோம். ஃபேக்டரியில ரெண்டு மணி நேரம், மீதி ரெண்டு நாள் எங்கேன்னு ஹெச்.ஓ.டி.க்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஹி... ஹி...!

மைசூரா கொச்சியா, பஸ்ஸா ட்ரெய்னான்னு மண்டையை உடைச்சுக்கிற நாம, தங்குற இடத்தை மட்டும் 'யாராச்சும் பார்த்துப்பாங்க'ன்னு விட்டுடுறோம். ஆனா, பட்ஜெட் போட்டுப் பாருங்க பாஸ்... கையைக் கடிக்கிறது ரூம் வாடகைதான்! கிளாஸ்ல யார் வர்றாங்க, யார் 'வீட்ல விசேஷம் இருக்கு, நீங்க போயிட்டு வாங்க'ன்னு ஒதுங்குறாங்கங்கிறதை பல நேரம் அந்த ஒரு தொகைதான் முடிவு பண்ணுது. எங்க விருதுநகர் மாவட்டத்துல பல பேர் வீட்ல யாராவது ஒருத்தர் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம்னு ஏதோ ஒரு வேலைக்குப் போறவங்க. அங்கே 500 ரூபாய்ங்கிறது சும்மா இல்லை.

அதனால, குரூப் ரேட்ல ரூம் பிடிக்கிறது எப்படின்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது. எங்க செட்டுக்கு மைசூருல ரூம் பிடிக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. அதுல தெரிஞ்சுக்கிட்டதை அப்படியே உங்ககிட்ட கொட்டிடுறேன்!

சிவகாசிக்காரங்ககிட்டயே தள்ளுபடியா?

தீபாவளி நெருங்கினா பட்டாசு விலைப்பட்டியல் வருமே, பார்த்திருப்பீங்க. ஒரு பெட்டிக்கு மேலே பெரிய விலை போட்டு, அதுல 80 பர்சென்ட் தள்ளுபடின்னு கொட்டை எழுத்துல இருக்கும். வெளியூர்க்காரங்க அசந்து போவாங்க. நாம அசர மாட்டோம். "அண்ணாச்சி, கடைசி விலை என்ன?"ன்னு மட்டும்தான் கேட்போம். ஏன்னா, 80 பர்சென்ட் குறைக்கணும்னா முதல்ல அதை ஏத்தணும்கிற ரகசியம் நமக்குத் தெரியும்.

ஹோட்டல்லயும் அதே கதைதான்! ரிசப்ஷன் போர்டுல எழுதியிருக்குற விலைக்குப் பேர் 'ரேக் ரேட்'. அந்த விலையை முழுசா கொடுக்குறவங்க ரொம்பக் கம்மி. "உங்களுக்கு 40 பர்சென்ட் குறைச்சிருக்கோம் தம்பி"ன்னு சொன்னா சந்தோஷமா தலையாட்டிட்டு, "வரி, எக்ஸ்ட்ரா பெட் எல்லாம் சேர்த்து ஒரு ரூமுக்கு மொத்தம் எவ்வளவு சார்?"ன்னு கேளுங்க. அந்த ஒரு நம்பரை மட்டும் நாலு இடத்துல வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தா போதும்.

அவங்க ஏன் குறைக்கணும்?

விக்காத பட்டாசை குடோன்ல வெச்சு அடுத்த மாசம் விக்கலாம். இன்னிக்கு ராத்திரி காலியா கிடந்த ரூமை நாளைக்குச் சேர்த்து விக்க முடியுமா? விடிஞ்சா அது போச்சு! அதனாலதான் 16 ரூமை ஒரே ஆள் மொத்தமா எடுக்கிறேன்னு சொன்னா அவங்க காது கூர்மையாகுது. இன்னொரு விஷயம், புக்கிங் வெப்சைட் வழியா போனா ஹோட்டல்காரங்க அதுக்கு கமிஷன் கொடுக்கணும். நேரா போன் பண்ணினா அந்தக் காசுல ஒரு பங்கு நமக்கு மிஞ்சும். போனை எடுக்கிற முதல் ஆள்கிட்டயே பேரம் பேசாதீங்க. மேனேஜரையோ, சேல்ஸ் பார்க்கிறவங்களையோ கேளுங்க. விலையைக் குறைக்கிற அதிகாரம் அவங்ககிட்டதான் இருக்கும்.

பெரிய ஹோட்டல்கள் பலதுல 10 ரூமுக்கு மேல எடுத்தாதான் 'குரூப்'. பத்துக்குப் பக்கத்துல நிக்கிறீங்கன்னா பக்கத்து டிபார்ட்மென்ட்டையும் சேர்த்துக்கோங்க. கிழமையும் முக்கியம்! பெங்களூரு மாதிரி ஆபீஸ் ஊர்கள்ல சனி, ஞாயிறு ரூம் காலியா கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல்ல தலைகீழ்... வார நாள்ல போனாதான் மலிவு. மைசூருக்கு தசரா சமயத்துல போய் குரூப் ரேட் கேட்டா சிரிப்பாங்க.

கணக்கு வாத்தியார் பேசுறேன்...

எங்க கணக்கு இதுதான். 24 பசங்க, 18 பொண்ணுங்க. ரூமுக்கு மூணு பேர்னா 14 ரூம். கூட வர்ற சாருக்கும் மேடத்துக்கும் தனித்தனியா ரெண்டு. ஆக மொத்தம் 16.

தனித்தனியா புக் பண்ணினா ரூம் 1,800 ரூபாய், எக்ஸ்ட்ரா பெட் 500. குரூப்பா பேசினதுல ரூம் 1,500, எக்ஸ்ட்ரா பெட் 250. கூடவே, "15 ரூமுக்கு மேல எடுக்குறோம், ஸ்டாஃப் ரூம் ஒண்ணை இலவசமா கொடுங்க சார்"னு கேட்டோம்... கொடுத்துட்டாங்க! கேட்காட்டி அவங்களா கொடுக்க மாட்டாங்க, ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டு ராத்திரிக்கு 5 பர்சென்ட் வரியோட, முதல் வழியில 75,180 ரூபாய். ஆளுக்கு 1,790. ரெண்டாவது வழியில 54,600. ஆளுக்கு 1,300. வித்தியாசம் 490 ரூபாய்!

வரி பத்தி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் வாடகை உள்ள ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜி.எஸ்.டி. 5 பர்சென்ட்தான். அதுக்கு முன்னாடி 12. எங்களுக்கு வந்த ஒரு கொட்டேஷன்ல பழைய 12 அப்படியே இருந்துச்சு. கேட்டதும் மாத்திக் கொடுத்தாங்க. நீங்களும் பில்லை ஒரு தடவை உத்துப் பாருங்க.

எழுத்துல வாங்குங்க மக்கா!

போன்ல 'ஓகே'ன்னு சொன்னது கவுன்டர்ல 'அப்படியா சொன்னோம்?'னு மாறலாம். ரேட், எத்தனை ரூம், எத்தனை பெட், டிபன் உண்டா, சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும், பஸ் நிறுத்த இடம், டிரைவர் படுக்க இடம்... எல்லாம் மெயில்ல வரணும். அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள எண்ணிக்கையைக் குறைக்கலாம்கிறது ரொம்ப ரொம்ப முக்கியம். அந்தத் தேதி தாண்டிட்டா, ஆள் வரலைன்னாலும் ரூமுக்குக் காசு கொடுத்தே ஆகணும்.

இன்னொரு குறுக்கு வழியும் காதுல விழும். 'ஏதாவது பெரிய கம்பெனி பேரைச் சொல்லு மச்சி, கார்ப்பரேட் ரேட் கிடைக்கும்', 'அங்கே ஒரு கான்ஃபரன்ஸ் நடக்குது, அவங்க ரேட்லயே நுழைஞ்சுடலாம்'னு. வேணாம்! கவுன்டர்ல ஐ.டி. கார்டு கேட்டா நடுராத்திரியில 42 பேரும் லக்கேஜோட தெருவுல நிக்கணும். அது போக, கான்ஃபரன்ஸுக்குன்னு ஒதுக்கின ரூமை நாம எடுத்தா, அதுக்காகவே ஊர்ல இருந்து வர்ற இன்னொரு ஸ்டூடண்டுக்கு இடம் இல்லாம போகும்.

ரேட் படியவே இல்லையா? ஊட்டி, புதுச்சேரி, மைசூருன்னு பல ஊர்ல யூத் ஹாஸ்டல் இருக்கு. டார்மிட்டரி பெட் மலிவு. முன்கூட்டியே காலேஜ் லெட்டரோட கேட்டுப் பாருங்க.

நம்ம ஊருக்கு இது புதுசா?

கூட்டமா சேர்ந்து தங்குறது எங்க ஊர் ஆளுங்களுக்கு 19-ம் நூற்றாண்டுலயே அத்துபடி. விருதுபட்டி (அதான் இன்னிக்கு விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடின்னு ஆறு ஊர்ல நாடார் வியாபாரிகள் 'பேட்டை' கட்டி வெச்சிருந்தாங்க. சரக்கு ஏத்தின மாட்டு வண்டியோட வர்றவங்க ராத்திரி பயமில்லாம தங்குற இடம் அது. செலவுக்கு 'மகமை'. ஒவ்வொருத்தரும் வியாபாரத்துல ஒரு சின்னப் பங்கைப் பொதுவுல போட்டுடணும். அதே பழக்கம்தான் பின்னாடி பள்ளிக்கூடமா வளர்ந்துச்சு. விருதுநகர்ல காமராஜர் படிச்ச சத்திரிய வித்யாசாலா, வீடு வீடா எடுத்து வெச்ச பிடி அரிசியில நடந்த பள்ளிக்கூடம்.

இப்போ எங்க கணக்குக்குத் திரும்ப வாங்க. கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது மூணு பேர் 'நாங்க வரலை'ன்னாங்க. காரணம் காசுதான். மழைக்கு வேலை இல்லாத மாசம், வீட்ல கேட்க முடியலை. விருப்பம் இல்லாமலா பேர் கொடுத்தாங்க?

கால்குலேட்டரைத் தட்டினோம். தேதி தாண்டினப்புறம் இந்த மூணு பேர் கழண்டிருந்தா, 54,600-ஐ 39 பேர் பிரிச்சுக்கணும். ஆளுக்கு 1,400. அதாவது 100 ரூபாய் கூட. சரி, அந்த மூணு பேரும் ரூம் காசு கொடுக்காம எங்களோடவே வந்தா? அப்பவும் 39 பேர்தான் கொடுக்கிறோம். அதே 1,400. அதே 100!

ஆள் இல்லாத பெட்டுக்குக் கொடுக்குற 100 ரூபாயை ஆள் இருக்குற பெட்டுக்குக் கொடுப்போமேன்னு கிளாஸ்ல கேட்டோம். ஒருத்தர்கூட முணுமுணுக்கலை. தனியா புக் பண்ணியிருந்தா ஆகியிருக்கிற 1,790-ஐ விட அப்பவும் 390 லாபம்தானே! வசூல் லிஸ்ட் ரெப் கையில மட்டும்தான் இருந்துச்சு. அந்த மூணு பேர் யார்னு கேட்டுக்கிட்டுத் திரியுற ஆளும் எங்க கிளாஸ்ல இல்லை.

உங்க கிளாஸ்ல லிஸ்ட் போடும்போது ஒண்ணு பண்ணுங்க பாஸ். பேரம் பேசி மிச்சம் பிடிச்ச தொகையை உடனே பிரிச்சுக் கொடுத்துடாதீங்க. கடைசித் தேதி வரைக்கும் அதுல ஒரு 100 ரூபாயைப் பொதுவுல வெச்சிருங்க. அதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க!