தேங்காயும் மாசியும்

இலங்கைக்கு ஒன்பது நாள் போய்வரலாம் என்று முடிவானதும் வீட்டில் மூன்று பட்டியல்கள் தயாராயின. என்னுடையதில் ரயில், அருவி, மலை. மனைவியுடையதில் முட்டை அப்பத்தில் தொடங்கி எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வரை பதினான்கு பண்டங்கள். அம்மாவுடையது ஒரே வரி: ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். அதைக்கூட அவள் எழுதவில்லை, வாயால் சொன்னதோடு சரி.

அம்மா பிறந்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேர் கணக்கில் அம்மாயி குடும்பமும் வந்தது. 1972இல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கோத்தகிரியில் அரசு போட்ட தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அங்கேயும் லயம் என்ற வரிசை வீடு, அங்கேயும் கொழுந்து.

"பழைய லயத்தப் பார்த்து அழுவறதுக்கெல்லாம் நான் வரல" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "நல்லா சாப்பிட்டு, நாலு இடம் பார்த்துட்டு வரலாம்னா சொல்லு, வரேன்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சுற்றுலாக்காரர்கள் கொடுக்கும் திட்டங்கள் ஒரு வாரத்தில் தீவையே சுற்றிக் காட்டிவிடும். நான் மூன்று ஊரோடு நிறுத்திக்கொண்டேன். கண்டியில் இரண்டு இரவு, அட்டனில் மூன்று, நுவரெலியாவில் இரண்டு, விமானம் ஏறுமுன் கொழும்பில் ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு வேலைதான். மலைநாட்டில் தூரம் குறைவாகத் தெரியும், ஆனால் பாதை வளைந்து வளைந்து நேரத்தைத் தின்றுவிடும்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தது தேயிலையை வைத்து. மலையின் மேற்குச் சரிவில், அதாவது திம்புள்ளப் பகுதியில், ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று அடிக்கும். அப்போது கொழுந்து மெதுவாக வளரும், மணம் கூடும். ஆண்டின் சிறந்த தேயிலை அங்கே அந்த மாதங்களில்தான் கிடைக்கும். மழை விலகி வானம் தெளிவதும் அப்போதுதான். ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் 'சீசன்', ஊர் கொள்ளாத கூட்டம். ஆகவே 2024 பிப்ரவரியில் கிளம்பினோம்.

ஒன்றில் மட்டும் கோட்டை விட்டேன். கண்டியிலிருந்து மலையேறும் ரயிலில் முன்பதிவு இடமெல்லாம் எப்போதோ தீர்ந்திருந்தது. மூன்றாம் வகுப்பில் ஏறினோம். கம்பளை வரை நின்றுகொண்டே போனோம். அதன் பிறகு ஒரு பெண் தன் பிள்ளையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். பள்ளிக்கூடக் கொப்பித்தாளில் சுருட்டிய கச்சானும், அதாவது வேர்க்கடலையும், வடையும் வந்துகொண்டே இருந்தன. மனைவியின் பட்டியலில் இல்லாத பண்டம் அந்த வடை. கணக்குப் பாடத்தில் ஆசிரியை சிவப்பு மையால் சரி போட்ட தாளில் எண்ணெய் ஊறியிருந்தது.

நாவலப்பிட்டி தாண்டியதும் நான் கதவோரம் போய் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். வட்டவளை நெருங்கும்போது சொன்னாள்: "தென்னை நின்னுருச்சு பாரு."

அப்போதுதான் கவனித்தேன். கண்டியிலிருந்து தண்டவாளத்தோடு கூடவே வந்த தென்னை மரங்கள் ஒன்றைக்கூடக் காணோம். இருபுறமும் தலை வெட்டிவிட்டது போலத் தேயிலை மட்டும்.

அம்மாயி அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு, மலையகத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் கதைதான். நம் ஊர்ப் பக்கம் ஆள் பிடிக்க வந்த கங்காணிகள், அங்கே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்களாம். முதலில் போனவர்கள் 1820களில் கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள், மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து. 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டிருந்தார். பயிர் மாறியது, கூடையும் மலையும் மாறவில்லை. அந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது, மண்ணுக்கடியில் கருவாடு இருக்குமா என்று சிரித்திருக்கிறேன். இந்த உயரத்தில் தென்னையே ஏறாது என்பது அந்த ரயிலில்தான் உறைத்தது. மாசியோ மாலைதீவுக் கடலில் பிடித்த மீன். மரத்தடியில் பொறுக்கலாம் என்று சொன்ன தேங்காயைக் கடையில் கடன் சொல்லித்தான் அம்மாயி வாங்கியிருப்பாள்.

அட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காலை ஏழு மணிக்கே கடைவீதியில் ரொட்டிக் கல் சூடாகிவிடும். நாங்கள் மூன்று நாளும் போனது ஒரே கடைக்கு. கோதுமை மாவில் தேங்காய்த்துருவலையும் உப்பையும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போடுவார் கடைக்காரர். ஓரம் கருகும் வரை திருப்பமாட்டார். பின்கட்டில் அவர் மனைவி அம்மியில் செத்தல் மிளகாயையும் உப்பையும் மாசித் துண்டையும் வைத்துச் சதைப்பார். பிறகு சின்ன வெங்காயம் ஒரு நசுக்கு. கடைசியில் தேங்காய்ப்பூ. குழவியை அழுத்தி ஓட்டாமல் மெல்ல உருட்டினால் தேங்காய் சிவந்துவரும், ஆனால் பால் விடாது. மேலே தேசிக்காய் பிழிந்தால் சம்பல் தயார். கூடவே கண்ணாடிக் கிளாசில் சாயம், அதாவது பால் இல்லாத தேத்தண்ணி. அம்மா சீனியை அதில் கலக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தாள். கோவையில் ஒரு நாளும் அவள் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் பார்த்துவிட்டார். "அம்மா எந்தத் தோட்டம்?"

நம் பக்கம் எந்த ஊர் என்பார்கள், அங்கே எந்தத் தோட்டம் என்பார்கள். அம்மா யோசிக்காமல் தோட்டத்தின் பேரையும் டிவிசனையும் லய நம்பரையும் சொன்னாள். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்தும் வாய் தயாராகத்தான் இருந்தது. "ஆட்டோவுல அரைமணி நேரந்தாம்மா. அந்த லயம் இன்னும் இருக்கு, தகரம் மட்டும் மாத்தியிருக்காங்க" என்றார் அவர்.

"போலாமாம்மா?" என்றேன்.

"ரொட்டி ஆறுது, சாப்புடு."

அந்த மாலை மஸ்கெலியாப் பக்கம் போய், சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதை விளக்குகளைப் பார்த்தோம். டிசம்பர் முதல் மே வரை யாத்திரைக் காலம். இருட்டியதும் மலை மறைந்து விளக்கு வரிசை மட்டும் வானத்தில் தொங்கும். அடிவார ஊருக்கு நல்லதண்ணி என்று பெயர். பெயரைக் கேட்டதும் மனைவிக்குத் தாகம் எடுத்துவிட்டது.

நுவரெலியாவுக்கு மறுபடி ரயில். அட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. பெட்டி முழுக்கப் பிள்ளைகள் ஊளையிட்டார்கள், அம்மாவும் சேர்ந்துகொண்டாள். தலவாக்கலை வருமுன் அருவிகள். நானுஓயாவில் இறங்கினால் லீக்ஸ், பீட்ரூட், ஸ்ட்ராபெரி என்று வேறொரு சீமை. பழைய பங்களா ஒன்றை மாற்றிய விடுதியில், வெள்ளித் தட்டில் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். 1,800 மீட்டருக்கு மேல் விளையும் தேயிலை, வைக்கோல் நிறம், மெல்லிய மணம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "இது தேத்தண்ணியா, சுடுதண்ணியா?" மூன்று பேர் குடித்த தேநீருக்கும் கேக்குக்கும் வந்த பில் கொழுந்து பறிப்பவரின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டியது. அப்போது அது 1,000 ரூபாய். அம்மா பில்லை வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் மிச்சமிருந்த கேக்கைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பச்சை வரிகள். பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, நிரை பிடித்து நின்றார்கள். மனைவி அழகு என்றாள். "அந்த மூணாவது நிரைல நிக்கிற பொண்ணுக்குக் கை வேகம்" என்றாள் அம்மா.

இறங்கும்போது றம்பொடை வழி. அருவியைப் பார்த்தோம், வண்டி வளைந்து வளைந்து கீழே வந்தது. அம்மா தூங்கிவிட்டாள். முதல் தென்னை எங்கே வந்தது என்று சொல்ல ஆளில்லை.

கோவை வந்து பெட்டியைத் திறந்தோம். மனைவியின் பட்டியலில் பதினொன்று முடிந்திருந்தது. உறவுக்காரர்களுக்கு வாங்கிய தேயிலைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். பெட்டியின் அடியில், மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, அட்டன் சந்தையில் அம்மா எங்களுக்குத் தெரியாமல் வாங்கிய மாசி இருந்தது.

"வீட்டுல தேங்கா இருக்காடா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள்.